சமையல் எங்கிருந்து ஆரம்பிப்பது? இரண்டு பேர், இரண்டு அடுப்பு, ஷிப்ட் வேலை

ஓசூர்வாசி

வணக்கம். நானும் நண்பனும் ஓசூரில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறோம். இருவருக்கும் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். இதுவரை மெஸ் சாப்பாடுதான். இனி வீட்டிலேயே சமைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு பர்னர் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், மிக்ஸி, இரும்பு வாணலி, சின்ன பிரிட்ஜ் இருக்கின்றன. வீடியோக்களில் விதவிதமான குழம்பு இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது, எதை முதலில் அடுப்பில் வைப்பது, காய்கறி எவ்வளவு வாங்குவது, இதையெல்லாம் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட உட்கார வேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

செல்வி நெல்லை

தம்பி, விதவிதமான குழம்பெல்லாம் பிறகு பார்க்கலாம். சோறு, பருப்பு, ஒரு பொரியல், ரசம். கை பழகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வேகவைப்பது, வதக்குவது, தாளிப்பது, உப்பு புளி காரம் பார்ப்பது எல்லாமே இதற்குள் வந்துவிடும். அந்தப் பருப்பில் புளியும் காயும் சாம்பார் பொடியும் சேர்த்தால் சாம்பார். அதே காயைப் பருப்போடு வேகவைத்துத் தேங்காய் சீரகம் அரைத்து ஊற்றினால் கூட்டு.

அளவு சொல்கிறேன். 200 மில்லி டம்ளர் ஒன்றை அரிசிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். இருவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றேகால் டம்ளர் அரிசி சரியாக இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒன்றரை. குக்கரில் பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர், பொன்னி புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று. புது மூட்டை பிரித்தால் முதல் நாள் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்துப் பாருங்கள். புது அரிசி சீக்கிரம் குழையும், பழைய அரிசி தண்ணீர் அதிகம் கேட்கும். துவரம்பருப்பு அரை டம்ளர் போட்டால் இருவருக்கு இரண்டு வேளை வரும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அரிசியையும் பருப்பையும் தனித்தனியாகக் கழுவி ஊறப்போடுவது. நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் போடுங்கள். அதன் பிறகு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். முதலில் பருப்பை வையுங்கள், பருப்பு காத்திருக்கும். அது வேகும் நேரத்தில் காய் நறுக்கலாம். பருப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அதே குக்கரில் சோறு. சோறு வேகும்போது பக்கத்து அடுப்பில் பொரியல், அது இறங்கியதும் ரசம். ரசத்துக்குத் தாளிக்கும்போது குக்கர் ஆவி அடங்கியிருக்கும்.

மெஸ் வீட்டுப் பிள்ளை

செல்வி அக்கா சொன்ன வரிசை சரி. அளவைப் பற்றி நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். மதுரையில் எங்கள் வீட்டில் மெஸ் நடத்தினார்கள். இரண்டு தலைமுறை அனுபவம் உள்ளவர்கள் கண்ணளவில் போடலாம். ஆரம்பிக்கிறவர்களுக்கு ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதுவது உதவியே இல்லை.

ஒரு லிட்டர் சாம்பாருக்கோ ரசத்துக்கோ தூள் உப்பு என்றால் மட்டமாக வழித்த இரண்டு டீஸ்பூன் வரை தாங்கும். ஒன்றரையில் ஆரம்பித்து, ருசி பார்த்து மீதியைப் போடுங்கள். கல் உப்பானால் அதே ஸ்பூனில் எடை குறைவாகவே இருக்கும், கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால். அதனால் தூள் உப்பு, கல் உப்பு இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலேயே பழகுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் கை அளவு பிடிபடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு டீஸ்பூனை விடக் கொஞ்சம் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

தாளிப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், நம் சமையலில் பாதி அங்கேதான் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். சும்மா கிடந்தால் இன்னும் காயவில்லை. உடனே வெடித்தால் மீதிக் கடுகைப் போடலாம். புகை வந்தால் மிஞ்சிப்போய்விட்டது, அடுப்பைக் குறைத்துச் சற்றுப் பொறுங்கள். கடுகு முழுக்க வெடித்துச் சத்தம் அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பு. அது சிவக்கத் தொடங்கியதும் சீரகம், மிளகாய் வற்றல், பெருங்காயம். கடைசியில் கறிவேப்பிலை, உடனே இறக்கம். இந்த வரிசை எதற்கென்றால், கருகுவதற்கு ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம் வேறு. வெடிக்காத கடுகு கசக்கும், கருகிய சீரகம் அதைவிடக் கசக்கும். கருகிவிட்டால் அந்த எண்ணெயைக் குழம்பில் ஊற்றாதீர்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெய் போனால் போகிறது, புதிதாகத் தாளியுங்கள்.

கொங்குமணி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு முதல் நாளே நான்கு பண்டம் அதிகம். அதுவும் ஒரே குக்கரில் பருப்பை இறக்கி, கழுவி, மறுபடி சோறு வைப்பது சலிப்பாகிவிடும். சலிப்பு வந்தால் மறுபடி மெஸ்தான். எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். குக்கர் ஒன்றே போதும்.

இருவருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேல் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவி ஊறவையுங்கள். குக்கரில் கடலை எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயமும் ஐந்தாறு பூண்டுப் பல்லும் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் ஒரு தக்காளி, மஞ்சள் தூள், அரை ஸ்பூன் மிளகாய்த் தூள், ஒரு ஸ்பூன் மல்லித் தூள். தக்காளி கரைந்ததும் நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, கொதி வந்ததும் அரிசி பருப்பைச் சேர்த்து மூடுங்கள். மூன்று விசில். மூடும் முன் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து ருசி பாருங்கள். உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்க வேண்டும், அரிசி இழுத்துக்கொள்ளும். திறந்ததும் நெய் ஊற்றிக் கிளறி, தயிரும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டால் வேறு எதுவும் தேடாது. ஈரோட்டில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவசர நாள் என்றால் இதுதான்.

வெங்காயம் வதக்கும்போது பொறுமை வேண்டும். நம் சமையலில் ‘பச்சை வாசனை போக’ என்று சொல்வதை மூக்கால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

யாழினி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இரவுக்கு எங்கள் தேங்காய்ப்பால் சொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வலு சுகம், அதாவது மிகச் சுலபம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு போட்டுத் தேங்காயின் தண்ணீர்ப் பாலில் அவியவிட்டு, பிறகு கெட்டியான முதற்பால் விட்டு, துழாவிக்கொண்டே சூடாக்கி, பொங்க முன் இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரைந்துபோகும். தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) இறக்கின பிறகுதான். கடையில் இடியப்பம் வாங்கினால் சாப்பாடு முடிந்தது.

ஓசூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. கொங்குமணி அண்ணா சொன்ன சாதம் வைத்தோம், நண்பன் மறுநாளும் அதையே கேட்டான். இப்போது பருப்புதான் பிடிபடவில்லை. அதே அளவு, அதே விசில். ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் கல்லாக நிற்கிறது. இங்கே குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அதனாலா? விசில் கணக்கையும் யாராவது விளக்குங்கள், ஒருவர் மூன்று என்கிறார், ஒருவர் ஆறு என்கிறார்.

ஓய்வூதியர்

தம்பி, தண்ணீர்தான் முதல் காரணமாக இருக்கும். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். அவை பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். பருப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது, பருப்பின் வயது. கடையில் நெடுநாள் கிடந்த பருப்பு எவ்வளவு வெந்தாலும் பிடிவாதமாக நிற்கும். மூன்றாவது, புளியோ தக்காளியோ முதலிலேயே சேர்ப்பது. புளிப்பு பட்டால் பருப்பும் காயும் வேக மறுக்கும். அரிசியும் பருப்பும் சாதத்தில் ஒரே ஒரு தக்காளி, அதுவும் நிறையத் தண்ணீரில் கரைந்துவிடுவதால் பாதகமில்லை.

விசில் என்பது நேரம் அல்ல. உள்ளே அழுத்தம் கூடும்போது வெயிட் தூக்கி ஆவியை விடும் சத்தம் அது. பெரிய தீயில் ஐந்து விசில் சில நிமிடத்தில் வந்துவிடும், சின்ன தீயில் கால் மணி நேரம் ஆகும். அதனால்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. முழு அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்த அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. நான் செய்வது இது: முதல் விசில் வரை பெரிய தீ, பிறகு தீயைக் குறைத்துக் கடிகாரம் பார்ப்பது. ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். அந்த நேரத்திலும் பருப்பு வெந்துகொண்டே இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். பருப்பும் அரிசியும் நுரைத்துப் பொங்கும், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சில சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை குறையும். மூடும் முன் வெயிட் போடும் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். பருப்புத் தோல் அடைத்திருந்தால் கழுவாமல் மூடாதீர்கள். கேஸ்கட், அதாவது மூடியின் ரப்பர் வளையம், தளர்ந்தால் உடனே மாற்றுங்கள். ஆவி அடங்கும் முன் மூடியை நெம்பவே கூடாது.

மனைவி காலமான பிறகு, வயதான காலத்தில்தான் அடுப்படிக்குள் வந்தேன். எதையும் ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே கற்றேன். நீங்களும் கேளுங்கள்.

சிலிண்டர் தோழர்

நான் கேஸ் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். ருசிக்கு முன்னால் இதைப் படியுங்கள். வேலைக்குக் கிளம்பும்போதும் படுக்கும் முன்பும் அடுப்புக் குமிழை மட்டும் அணைத்தால் போதாது, ரெகுலேட்டரையும் மூட வேண்டும். ரப்பர் குழாயில் உற்பத்தித் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். வாடகை வீட்டில் பழைய குழாயே தொங்கிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தேங்கும். வாசனை வந்தால் லைட் ஸ்விட்சையோ மின்விசிறி ஸ்விட்சையோ தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ எகிறிப் பரவும். அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் மூடிவிட்டு ஆறும்வரை அப்படியே விடுங்கள்.

ஓசூர்வாசி

கேன் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வெந்துவிட்டது ஐயா! ரப்பர் குழாயும் பழையதுதான், வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்து காய்கறி. ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய வாங்கினால் வியாழனுக்குள் பாதி வாடிவிடுகிறது. மசாலாப் பொடி வீட்டில் அரைக்க வேண்டுமா, வாங்கலாமா?

செல்வி நெல்லை

காய் வாங்கும்போதே எந்த நாளைக்கு எது என்று பிரித்துவிடுங்கள் தம்பி. கீரை வாங்கிய அன்றோ மறுநாளோ. வெண்டை, பீன்ஸ், அவரை, புடலை அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் வாரக் கடைசிக்கு. உருளையும் சேனையும் வெளியிலேயே இருக்கும். இப்படி வாங்கினால் பை கனமாக இருந்தாலும் குப்பைக்குப் போகாது. உங்கள் ஊரில் உழவர் சந்தை இருக்கிறது, 1999-இல் மதுரையில் முதன்முதலில் தொடங்கினார்களே, அதே திட்டம்தான். விலைப் பலகையைப் பார்த்து, எது அன்றைக்கு மலிவோ அதை வைத்துச் சமையலை முடிவு செய்யுங்கள். பக்கத்தில் ராயக்கோட்டை தக்காளி வரத்து வேறு. நல்ல காய் விளைகிற சீமையில் இருக்கிறீர்கள்.

ஈரத்தோடு எதையும் பிரிட்ஜில் வைக்காதீர்கள். கொத்தமல்லியை வேர் வெட்டி, பேப்பரில் சுற்றி, டப்பாவில் போடுங்கள். பச்சை மிளகாய்க்குக் காம்பு கிள்ளிவிடுங்கள். தக்காளி பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு சீக்கிரம் முளைவிடும். பச்சை நிறம் ஏறிய உருளை வேண்டாம், அது உடம்புக்கு ஆகாது.

பொடி வீட்டில் அரைப்பதுதான். மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைத்த பொடியின் மணம் பாக்கெட்டில் வராது.

மெஸ் வீட்டுப் பிள்ளை

அக்கா, மாடி வெயில் இல்லாத வாடகை வீட்டில் இரண்டு பையன்கள் மிளகாய் காயவைப்பது நடக்காது. வாங்கட்டும், ஆனால் 100 கிராம் பாக்கெட்டாக. அரைக் கிலோ வாங்கினால் பாதி தீரும் முன்னே மணம் போய்விடும். மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள் தூள், சாம்பார் பொடி, பெருங்காயம். இந்த ஐந்தும் போதும். மிளகும் சீரகமும் மட்டும் முழுசாக வாங்கி, ரசத்துக்கு அன்றன்றைக்குப் பூண்டோடு இடித்துப் போடுங்கள். வீட்டு ரசத்துக்கும் கடை ரசத்துக்கும் வித்தியாசம் அந்த இடிப்பில்தான் இருக்கிறது. போட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், நுரை கட்டி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும்.

அப்புறம், இரும்பு வாணலியில் புளிக்குழம்பு வைத்து அப்படியே விட்டுவிடாதீர்கள், இரும்பு வாடை ஏறி நிறமும் கறுக்கும். பொரியலுக்கு அதுதான் ராஜா. வெண்டைக்காயை அதில் மூடாமல், தண்ணீர் தெளிக்காமல் வதக்கி, கொழகொழப்பு போன பிறகு உப்புப் போடுங்கள். பீன்ஸ், கேரட்டுக்குத் தண்ணீர் தெளித்து மூடலாம். வாணலியைக் கழுவியதும் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, துளி எண்ணெய் தடவி வையுங்கள்.

செல்வி நெல்லை

சரி, 100 கிராம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கொங்குமணி

மீந்த சோற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரவு ஷிப்ட் ஆட்கள் மதியம் வைத்த சோற்றை நள்ளிரவு வரை வெளியே வைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கிறேன்.

ஓய்வூதியர்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அரிசியில் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது, வாந்தி எடுக்க வைக்கும். அதனால் மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். பழைய சோறு வேண்டுமென்றால் இரவில் ஆறிய சோற்றில் உடனே நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் சாப்பிட்டுவிட வேண்டும். அது புளித்து வருவது வேறு வகை. கோடையில் அதை மதியம் வரை இழுக்காதீர்கள்.

ராஜ்மா வாங்கினால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்க வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும்.

ஓசூர்வாசி

இப்போது வாரத்துக்கு ஒரு தாள் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். எந்த ஷிப்டில் யார் நறுக்குவது, யார் பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில். செலவும் எழுதுகிறோம். கடைசியாக ஒன்று. காலை டிபனுக்கு மாவு ஆட்டலாம் என்று ஆசை. கிரைண்டர் இல்லை, மிக்ஸியில் இட்லிக்கு வருமா?

கொங்குமணி

வரும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதில் ஆட்டிய மாவு தனி என்பது உண்மைதான். ஆனால் இருவருக்கு மிக்ஸியே போதும். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நான்கு மணி நேரம் ஊறட்டும், உளுந்து ஒன்றரை மணி நேரம் போதும். மிக்ஸி சூடானால் உளுந்து பொங்காது. அதனால் ஐஸ் தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். பாத்திரத்துத் தண்ணீரில் துளி உளுந்து மாவு போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியைச் சன்ன ரவை பதத்தில் எடுத்து, உப்புப் போட்டு, கையால் கலக்குங்கள்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தையில் எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், பதினான்கு மணி நேரம்கூடப் பிடிக்கும். காலை ஷிப்ட் வாரமென்றால் முந்தின நாள் பிற்பகல் வந்ததும் அரைத்து, பெரிய பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி, போர்வை சுற்றி வையுங்கள். பொங்கியதும் கிளறாமல் மேலிருந்து எடுத்து முதல் நாள் இட்லி ஊற்றுங்கள். மீதியை பிரிட்ஜில் வைத்தால் அடுத்த மூன்று நாள் தோசைக்கு ஆகும்.